சிவப்புக் கண் தவளைகள் தூங்கும் அறை

தேநீர் நன்றாகவே இருந்தது, ஐயா. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். மறைக்கும் அளவுக்கு எனக்குச் சாமர்த்தியம் கிடையாது.

விலங்குக் காட்சிச்சாலையில் தவளை அறை என் பொறுப்பு. பதினோரு வருஷமாக. சிவப்புக் கண் மரத்தவளையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பகலெல்லாம் இலையோடு இலையாக ஒட்டித் தூங்கும். விலாவின் நீலம், பாதத்தின் ஆரஞ்சு எல்லாவற்றையும் மடக்கி உள்ளே வைத்துக்கொள்ளும். யாராவது சீண்டினால் சட்டென்று கண்ணைத் திறக்கும். தின்ன வந்தது அந்தச் சிவப்பைப் பார்த்து ஒரு கணம் திகைக்கும்; அதற்குள் இது தாவிவிடும். கடிக்கத் தெரியாது, ஆளைக் கொல்லும் விஷமும் இல்லை. வெறும் பூச்சாண்டிதான், பாவம்.

பக்கத்துப் பாம்பு அறையில் என் தங்கையின் கணவன். அவள் கெஞ்சியதால் நான்தான் வேலை வாங்கிக் கொடுத்தேன். கலகலப்பான ஆள். பார்க்க வந்தவர்கள் "ஒண்ணுமே இல்லையே" என்று முகம் சுளித்தால் போதும், என் அறைக்கு வந்து கண்ணாடியைத் தட்டுவான். தவளை விழிக்கும். கைதட்டல் இவனுக்கு.

"மாப்ள, தூங்குறதைத் தட்டாதீங்க. பயந்துட்டா இரை எடுக்காது."

"அட போங்க மச்சான். கண்ணைத் திறந்தா தேய்ஞ்சா போயிடும்?"

ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை. ஒன்பது தவளைகள் இரண்டே மாதத்தில் நான்காயின. ஒவ்வொன்றும் மெலிந்து மெலிந்துதான் செத்தது. முதல் இரண்டுக்கு அழுதேன். அதன்பின் எனக்கு எதுவும் வரவில்லை.

பாம்புக் கூண்டைக் கழுவும் நாளில், காலையிலேயே பாம்பை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டுக் கதவில் 'காலி' என்ற பலகையை மாட்டுவது, மூத்தவன் என்பதால், என் வேலை. கழுவுவது அவன் வேலை. பலகை தொங்கினால் எங்களில் யாரும் உள்ளே உற்றுப் பார்ப்பதில்லை. நேரே கையை விடுவோம். அந்த விஷப் பாம்பும் பச்சை. இலைக்குள் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை, பார்வையாளர்களுக்கு விடுமுறை. அவன் அலறியபோது என் உள்ளங்கையில் ஒரு தவளை. மருந்துச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். விஷமுறிவு மருந்து அலமாரியின் சாவி என் இடுப்பில் இருந்தது. தள்ளாடி வந்து என் அறையின் கண்ணாடிக் கதவைத் தட்டினான். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தேன்.

"மச்சான், சாவி. மச்சான், கையில கடிச்சிடுச்சு."

தட்ட வேண்டாம் என்று சைகை காட்டினேன். தவளையை இலையில் வைத்து, அது கண் மூடும்வரை நின்றேன். அன்று தூங்க வெகுநேரம் எடுத்துக்கொண்டது. பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு கதவைத் திறந்தேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குள் தட்டுவதும் நின்றிருந்தது, அவன் மூச்சும் நின்றிருந்தது.

அண்ணன் மறதியில் பலகையை மாட்டியிருப்பார் என்று தங்கை உங்களிடம் சொன்னாளாம். மறதி இல்லை, ஐயா. பாம்பு உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன். அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: மிச்சமிருக்கும் நான்கும் இப்போது நன்றாக இரை எடுக்கின்றன. கேட்டால் அவளுக்கும் ஆறுதலாக இருக்கும்.