பின்கட்டு அறை நீங்கலாக

எனக்கு நல்ல குரல், சார். பத்திரம் எழுதுகிறவனுக்கு அது முக்கியம். பதிவுக்கு முன்னால் விற்கிறவர்களுக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்ட வேண்டும். ஆம்பூரில் என்னைப் போல நிறுத்தி நிதானமாகப் படிக்க ஆள் இல்லை.

கேட்கிறவர்களுக்குத்தான் மூளை கிடையாது. தலையை ஆட்டுவார்கள், கைநாட்டு வைப்பார்கள். முனியம்மாவும் அந்த ரகம்தான். ஷூ கம்பெனியில் இருபது வருஷமாகத் தோலில் கீறல் தேடுகிற வேலை. காகிதத்தில் எதையும் தேடத் தெரியாது.

முன்வீட்டை என் மச்சான் ஜெயப்பிரகாஷுக்கு விற்றாள். பின்கட்டு அறையை மட்டும் தரவில்லை. அவள் புருஷன் காசிநாதன் பக்கவாதம் வந்து அதில்தான் கிடந்தான்.

"அந்த ரூமு எங்களுதுன்னு எழுதிட்டீங்களா சார்?" நாலு தடவை கேட்டாள். என்னிடமே சந்தேகம். எரிச்சலாக இருந்தது. படித்துக் காட்டினேன். 'பின்கட்டு அறை நீங்கலாக' என்றதும் அவள் முகம் தெளிந்தது. கட்டை விரலை நீட்டினாள்.

இரண்டு மாதம் கழித்து, குடோன் கட்ட வேண்டும், அறையைக் காலி பண்ணு என்றான் மச்சான். அவள் என்னிடம் வந்து பத்திரத்தின் நகல் கேட்டாள்.

"வித்தவங்களுக்கு நகல் தரமாட்டாங்கம்மா. வாங்கினவரு மட்டும்தான் பாக்கலாம்" என்றேன்.

ஒரு மனு போட்டால் கிடைக்கும். ரிஜிஸ்தர் ஆபீஸ் என் கடைக்கு எதிரிலேயே இருக்கிறது. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு, அன்று அது பூட்டியிருக்கும். ஏழு ஞாயிறு வந்தாள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டத் தோன்றாதவளுக்கு வீடு எதற்கு?

ஐப்பசியில் மச்சான் ஜேசிபி கொண்டுவந்தான். காசிநாதனைக் கட்டிலோடு தூக்கித் தெருவில் வைத்தார்கள். மழை பெய்தது. நாலாம் நாள் செத்துப்போனான்.

காரியம் முடிந்ததும், வெளியூரில் வேலை பார்க்கிற அவள் மகள் சௌந்தர்யா, டிகிரி படித்தவள், எதிர் ஆபீஸில் நகல் வாங்கிவிட்டாள். என் கடையில் நின்றே அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். குரல் சுமார்தான்.

முனியம்மா பாதியில் நிறுத்தினாள். "நம்ம ரூமு எங்கடி? இவரு படிச்சாரே."

படித்தேன்தான், சார். அந்த வரி தாளில் இல்லை. இடம் முழுவதையும் மச்சானுக்கே எழுதியிருந்தேன். அவள் நிம்மதியாகக் கைநாட்டு வைக்கட்டுமே என்று, இல்லாத வரியை நானே சேர்த்துப் படித்தேன். அந்த இரக்கத்துக்குத்தான் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.