லாயத்துக் குப்பி

குதிரை நின்னபடியே தூங்கும், துரை. அது படுத்துட்டாத்தான் லாயக்காரன் பயப்படணும்.

பழவேற்காட்டுக் கோட்டைக் குதிரைங்களுக்குக் கொள்ளு வச்சே கிழவனானவன் நான். மழை விட்டு ஏரிக்கரையில கொசு கிளம்பினா போதும். குதிரைக்குத் தலை சாயும், பின்னங்கால் துவளும், விழுந்தா எழுந்திருக்காது. புகை போட்டெல்லாம் பார்த்தாச்சு.

அதுக்குத்தான் உங்க ஒல்லாந்து வைத்தியர் ஒரு மருந்து கொண்டாந்தார். நோவு கண்ட குதிரையோட ரத்தத்துல செஞ்சதாம். கொசு வர்றதுக்கு முன்னாடியே கழுத்துல கீறித் தடவிட்டா நோவு அண்டாதாம். சிவப்புக் குதிரைக்குத் தன் கையால போட்டார். மீதிக்கு நீ போடுன்னு குப்பியைக் குடுத்துட்டு சதுரங்கப்பட்டினம் போயிட்டார். மனுஷனுக்கு ஆகாது, பத்திரம்னும் சொன்னார்.

சொன்னார்தான். கப்பல்ல வந்தவங்க சொல்றதையெல்லாம் நம்பிட முடியுமா? கோவிச்சுக்காதீங்க.

குதிரைக்குப் போடாமலே குப்பி எப்படிக் கொறஞ்சதுன்னு கேட்டீங்க. சொல்றேன்.

என் தம்பி சின்னதம்பி தோணிரேவுல வலை போடுறவன். எனக்குன்னு நண்டு கொண்டாந்தான். கள்ளு வாங்கிக் குடுத்து, அசந்தப்போ அவன் கையில கீறித் தடவிப் பார்த்தேன். காய்ச்சல் கண்டு, தலை சாஞ்சு, போயிட்டான். ஆனா மருந்தாலதான்னு எப்படிச் சொல்றது? அவன் மொடாக்குடியன். கள்ளு கெடுத்திருக்கலாம்.

குடிக்காத ஒடம்பு வேணும். வூட்டுல என் பொஞ்சாதி மணியம்மாள் இருந்தா.

“குதிரை மருந்து எனக்கு இன்னாத்துக்குய்யா? நான் இன்னா கொள்ளா தின்றேன்?”னா.

“நீ உதைக்கிறதைப் பார்த்தா அப்படித்தான் தெரியுது”ன்னேன்.

சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே கையை நீட்டினா. “வலிக்காம கீறு”ன்னா.

வலிக்காமத்தான் கீறினேன். குதிரைக்கு வர்ற மாதிரியே கால் துவண்டுச்சு. கொள்ளுக் கஞ்சி வச்சுக் குடுத்தேன். எறங்கல. அவளும் போயிட்டா.

அவளுக்கும் வயசாயிடுச்சு. வயசான ஒடம்பை வச்சு ஒண்ணும் முடிவு கட்ட முடியாது. மருமக திரௌபதி இளசு, திடமா இருக்கா. அவளுக்குப் போட்டுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். அதுக்குள்ள கொசு கிளம்பிடுச்சு.

இப்ப லாயத்துல சிவப்புக் குதிரை மட்டும் நிக்குது. மத்ததெல்லாம் என் கண்ணு முன்னாலதான் விழுந்துச்சு. மருந்து கையில இருந்தும் அதுங்களுக்கு நான் போடலை. அது நெசம்.

எப்படிப் போடுவேன், துரை? வாயில்லாத ஜீவன், என்னை நம்பிக் கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்குது.