மாப்பிள்ளை தலையின் சிவப்பு

சார்ஜன் ஐயா, கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்துவிட்டே இந்தப் போலீஸ் வாக்குமூலத்தை எழுத உட்கார்ந்தேன். இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. காலையில் வழக்கம்போல் இரண்டு கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி குடித்திருக்கிறேன். புத்தி தெளிவாக இருக்கிறது.

என் பெயர் முருகையா. வயது எழுபத்திரண்டு. முப்பத்தெட்டு வருடம் தேயிலைத் தோட்டத்தின் நாற்றங்காலில் வேலை பார்த்தேன். நடுவில் ஒருமுறை திரிங்காப் ஊரில் ஒரு தோட்டத்துக்குத் தக்காளி பறிக்கப் போனேன். அரை நாளில் அனுப்பிவிட்டார்கள். அது வேறு கதை. நட்ட குச்சி வேர் பிடித்ததா இல்லையா என்பதைக் கட்டைவிரலால் தொட்டே சொல்லிவிடுவேன். ஒருமுறை துரையின் கைத்தடியை மறதியாக மண்ணில் குத்திவைத்தேன். மூன்றாம் வாரம் அது இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் விட்டது. துரை அதைப் பறித்துத் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டுத்தான் சீமைக்குக் கப்பல் ஏறினார்.

என் மகள் ரூபினி தானா ராத்தா பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அவள் அம்மா நவமணி போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து எனக்குச் சோறு, மாத்திரை, சட்டைப் பொத்தான் எல்லாம் ரூபினிதான். நான் எதையும் கேட்டதில்லை. அவளாகவே செய்வாள்.

அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை புவனேஷ். அரசாங்க உத்தியோகம், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வாடகைக்கு இருந்தார். தங்கமான பிள்ளை. கல்யாணம் முடிந்ததும் குவாந்தானுக்கு மாற்றல், ரூபினியும் கூடப் போவதாகப் பேச்சு. இதை ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்.

புவனேஷுக்கு முன்தலை வழுக்கை. கல்யாணப் படத்தில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று கோலாலம்பூர் போய், பின்னந்தலையிலிருந்து இரண்டாயிரத்து நானூறு மயிர்க்கால்களைப் பிடுங்கி முன்னால் நட்டுக்கொண்டு வந்தார். நட்ட இடம் சிவந்திருந்தது. மூன்று நான்கு மாதத்தில் தானாக மறைந்துவிடும், எதையும் தடவாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மறையவில்லை. எப்பேர்ப்பட்ட சிவப்பு என்று கேளுங்கள். கோலா தெர்லா ரோட்டு வளைவில் அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். இரண்டு காய்கறி லோரிகள் சிக்னல் விழுந்துவிட்டதென்று நின்றன. மூன்றாவது லோரிக்காரர் ஹாரன் அடித்து, பச்சை எப்போது விழும் என்று புவனேஷிடமே கேட்டார். நான் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்தேன்.

தினமும் வேலைக்குப் போகுமுன் என்னிடம் வந்து தலையைக் குனிவார்.

"மாமா, இன்னிக்கு எப்படி லா?"

"நேத்து மொளகாப் பழம். இன்னிக்குச் செம்பருத்தி."

"கொறையவே இல்லையா?"

"பொய் சொல்லவா மாப்ள?"

ரூபினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். "அப்பா, சும்மா இருங்க. லேசா ரோஸா இருக்கு, அவ்ளோதான் லா."

"நீ ஆசையில சொல்ற, ரூபி. மாமாதான் உள்ளத உள்ளபடி சொல்வாரு."

கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்தார். வெளிச்சத்துக்கு ஒரு நிறம் காட்டியது. அழித்துவிட்டார். வீட்டுக் கண்ணாடியின் மேல் துண்டைப் போட்டு மூடினார். இந்தத் தலையோடு மணவறையில் உட்கார மாட்டேன் என்று கல்யாணத்தை இரண்டு முறை தள்ளிவைத்தார். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. மூன்றாவது தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஏதாச்சும் செய்ங்க மாமா. எரிஞ்சாலும் பரவால்ல. நான் தாங்கிக்கிறேன்."

தலையைத் தடவிப் பார்த்தேன். சூடு இல்லை. தோல் வழவழவென்று இருந்தது. புதுமுடி கட்டைவிரலில் குத்தியது. வரிசை வரிசையாக, ஒன்றுகூடச் சாகாமல் எல்லாமே வேர் பிடித்திருந்தன. முப்பத்தெட்டு வருடத்தில் அப்படி ஒரு நாற்றங்காலை நான் தொட்டதில்லை. பக்கத்து அறையில் ரூபினி குவாந்தானுக்குப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"இன்னும் ஏறியிருக்கு மாப்ள," என்றேன்.

தேயிலையில் செஞ்சிலந்தி என்று ஒரு பூச்சி உண்டு. அது விழுந்தால் இலை சிவந்துபோகும். அதற்குக் கந்தகம் அடிப்போம். தலைக்கும் அதுவே பொருந்தும் என்று பட்டது. கந்தகம் மெதுவாகத்தான் வேலை செய்யும், நாளோ குறைவு. அதனால் சுட்ட சுண்ணாம்பையும் சேர்த்துக் குழைத்தேன். ரூபினி கடைக்குப் போகும்வரை காத்திருந்து, அவர் தலையில் கனமாகப் பூசி, நாற்றுக்குப் போடும் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டினேன்.

"எரியுது மாமா."

"எரிஞ்சாத்தான் மருந்து பிடிக்குதுன்னு அர்த்தம், மாப்ள."

"ரொம்ப எரியுது மாமா."

"ரூபினிக்காகத்தானே?"

அவர் நாற்காலியின் கையைப் பிடித்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை அவருக்கும் நீட்டினேன்.

தாளை அவிழ்த்தபோது தோலும் கூடவே வந்தது. அந்த இடத்தில் இனி எதையும் நட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணம் வேண்டாம் என்று புவனேஷ் ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டு, குவாந்தானுக்குத் தனியாகப் போனார். ரூபினி பெட்டியிலிருந்த புத்தகங்களை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டாள். என்னோடு பேசுவதில்லை. உங்களிடம் புகார் கொடுத்தது அவள்தான். அன்றைக்கும் எனக்குச் சோறு போட்டு மூடிவைத்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வந்தாள்.

பூசியது நான். கட்டியது நான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெட்ட எண்ணம் கிடையாது ஐயா. அந்தச் சிவப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், அந்தத் தலையை நான் தொட்டிருக்கவே மாட்டேன்.

படிவத்தின் கடைசியில் உடற்குறை ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நவமணிக்கு மட்டும்தான் தெரியும். பிறந்ததிலிருந்து என் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே நிறம். தக்காளித் தோட்டத்தில் என்னை அரை நாளில் அனுப்பியது அதற்காகத்தான்.