குழாயில் அடைப்பில்லை

— அடைப்பு இல்லேன்னா பெறகு ஏன் தாயி அந்த வலி வலிச்சுச்சு?

— ரத்தக் குழாய் எல்லாம் சுத்தமா இருக்கு, பேச்சாயிம்மா. இதயத் தசைதான் திடீர்னு துவண்டுபோய், அடிப்பக்கம் பலூன் கணக்கா ஊதியிருக்கு. பெரிய துக்கம், பயம், கடுமையான காய்ச்சல், சிலருக்கு அளவு மீறின சந்தோசம்கூட இப்படிப் பண்ணிரும். உங்களுக்கு என்ன நடந்துச்சு?

— ஒண்ணும் நடக்கல.

— உங்க வீட்டுக்காரரும் நேத்து இதையேதான் சொன்னாரு. சில பேருக்குக் காரணமே தெரியாதுதான். ஆனா நீங்க காலையில இருந்து அழுதுக்கிட்டே இருக்கீங்களே.

— அவரு எங்க?

— மருந்து வாங்கப் போயிருக்காரு.

— அவருட்ட சொல்லிராத தாயி.

— சொல்ல மாட்டேன்.

— நேத்து சாயங்காலம் வெஞ்சனத்துக்குக் காய் வாங்கலாம்னு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேனா. செவுத்துல எங்கண்ணன் போட்டோ. மேல கண்ணீர் அஞ்சலின்னு கொட்ட எழுத்து. அம்புட்டுத்தான் பாத்தேன். நெஞ்சப் பிடிச்சுட்டு உக்காந்துட்டேன்.

— இத எதுக்கு அவர்கிட்ட மறைக்கணும்?

— எம்மவ கல்யாணத்துல, தாய்மாமனுக்கு மொத மரியாத செய்யலன்னு அண்ணன் பந்தல விட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. பன்னெண்டு வருசமாச்சு. அந்த ஆளு செத்தாலும் நீ போகக் கூடாதுன்னுட்டாரு இவரு. இந்தா இருக்கு அண்ணன் ஊரு சித்தையன்கோட்டை. போகலையே. இந்நேரம் எடுத்துருப்பாக. மொகத்தக்கூடப் பாக்கல தாயி.

— மாத்திரைய ஒழுங்காச் சாப்பிட்டா, பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு மாசத்துல பழையபடி ஆயிரும், சரியா? ஆனா உள்ள வச்சுப் புழுங்காதீங்கம்மா. நீங்களே அவர்கிட்ட சொல்லிருங்க.

— டாக்டரம்மா, இந்தாங்க மருந்து. ஏன் அழுகுறா?

— உக்காருங்க, சங்கிலி ஐயா. அவங்க உங்ககிட்ட பேசணுமாம்.

— எங்கண்ணன் செத்துப்போச்சுங்க. வையணும்னா வைஞ்சுக்கங்க.

— உனக்கு யாரு சொன்னா?

— போஸ்டர்ல பாத்தேன். பஸ் ஸ்டாண்டுல.

— பாவிப் பயலுக!

— அப்ப உங்களுக்குத் தெரியுமா?

— நேத்து விடிஞ்சதும் வேலைன்னு கெளம்புனேன்ல? அங்கதான் போனேன். இன்னும் எடுக்கல, பேச்சி. நீ மொகம் பாக்காம எடுக்கக் கூடாதுன்னு ஐஸ் பெட்டியில வைக்கச் சொல்லிருக்கேன்.

— நீங்க சொல்லி அவுக கேட்டாகளா?

— எல்லா வேலையும் நாந்தானே பாத்தேன். போஸ்டர் அடிச்சதும் நாந்தான். உனக்குப் பக்குவமாச் சொல்லிக் கூட்டிட்டுப் போகணும், டவுனுக்குள்ள மட்டும் ஒட்டிராதீகடான்னு ஒட்டப் போன பயலுகட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்டி.