இடது றெக்கை

செண்பகவல்லி: ...நீங்க மொதல்ல உக்காருங்கக்கா. டீ சொல்லுதேன்.

வந்தனா: டீயெல்லாம் அப்புறம் செண்பகம். டெம்போக்காரன் நைன்ட்டி ஃபீட் ரோடுல நின்னுண்டு ஹாரன் அடிக்கறான். தார்ப்பாயை எடு. பிளாஸ்டிக் குப்பையில செஞ்ச ஃப்ளமிங்கோ சிலையை ஏத்திடலாம்.

செண்பகவல்லி: ஏத்தலாம், ஏத்தலாம். உங்க மாட்டுங்கா என்ன மெட்ராசுலயா இருக்கு? தாராவிக்குப் பக்கந்தானே.

வந்தனா: அஞ்சு மணிக்குத் திறப்பு விழா! எங்க சொசைட்டி கார்டன்ல பீடம் கட்டி ரெடியா இருக்கு. பறவை வரலைன்னா, செக்ரட்டரி பஞ்சாபகேசன் மாமா அதுல ஃபைபர் மான் ஒண்ணைக் கொண்டுவந்து நிறுத்திடுவார். கடையில பாத்தே வெச்சுட்டார்.

பூதத்தான்: மானும் நல்லாத்தான் இருக்கும்...

செண்பகவல்லி: நீங்க சும்ம கெடங்க!

வந்தனா: ஏன் செண்பகம், உன் வீட்டுக்காரர் என் மூஞ்சியையே பாக்க மாட்டேங்கறார்? என்ன ஆச்சு?

பூதத்தான்: அது வந்து மேடம்... எடது றெக்கை... பிளாஸ்டிக்கு அரைக்கிற கிரைண்டர்ல போயிட்டு.

வந்தனா: என்னது!

பூதத்தான்: வியாழக்கெழம காலையில, தூக்கக் கலக்கம். றெக்கை தனியா செவுத்துல சாஞ்சு கெடந்துச்சு. இருவது வருசமா பிளாஸ்டிக்கு பிரிச்ச கை, சும்மா இருக்குமா? ஒவ்வொண்ணா கழட்டி, தட்டிப் பாத்து, கோணியில போட்டு அரைச்சுட்டேன். அரைச்ச பொறவுதான் அது றெக்கைன்னு...

வந்தனா: ஐயோ! அது முழுக்க எங்க பில்டிங் குடுத்த பிங்க் மக்! நாப்பது வீடு, வீட்டுக்கு ஒண்ணு. பீடத்துப் போர்டுலகூட அப்படித்தான் எழுதியிருக்கு, 'நாற்பது வீட்டுக் குப்பை'ன்னு. இப்போ நான் எந்த மூஞ்சியை வெச்சுண்டு...

பூதத்தான்: ஆனா ஒண்ணு மேடம். தூளு வந்துச்சு பாருங்க, ஏ ஒன்! பழைய மக்ல அப்பிடி வரவே வராது.

வந்தனா: ...அப்படியா.

செண்பகவல்லி: எனக்கும் அதான் ஒரு சந்தேகம் அக்கா. பம்பாய் தண்ணிக்கு மக் அடியில வெள்ளையா உப்பு படியும். கைப்பிடி இடுக்குல சோப்பு அடைஞ்சிருக்கும். நாப்பது மக்ல ஒண்ணுலகூட இல்ல. உங்க பில்டிங்ல ஒருத்தருமே சோப்பு போட்டுக் குளிக்க மாட்டாவளா?

வந்தனா: எல்லாரும் கழுவிக் குடுத்திருப்பா...

செண்பகவல்லி: கீறல் மட்டும் இருந்துச்சு. அதுவும் எல்லாம் ஒரே பக்கமா.

வந்தனா: டீ சொல்றேன்னியே?

செண்பகவல்லி: டீயெல்லாம் அப்புறம் அக்கா.

வந்தனா: ...தாதர் மார்க்கெட்ல வாங்கினேன். போறுமா?

பூதத்தான்: நாப்பதுமா!

வந்தனா: நாப்பதும். பாத்ரூம்ல தாப்பாள் போட்டுண்டு ரெண்டு நாள் உப்புத்தாள் தேய்ச்சேன். தோள்பட்டை இன்னும் வலிக்கறது. வேற என்ன பண்ணச் சொல்றே? வீடு வீடா ஏறி இறங்கினேன். ஒருத்தரும் ஒரு மூடிகூடத் தரலை. 'எங்காத்துல பிளாஸ்டிக்கே கிடையாது'ன்னு கதவைச் சாத்தறா. நாங்க ஒண்ணுமே குடுக்கலைன்னா, 'தாராவிக் குப்பையை நம்ம கார்டன்ல ஏன் வெக்கணும்'னு கேப்பார் மாமா. அந்த மான்தான் வரும்.

செண்பகவல்லி: அதுக்கு எங்களை ஏமாத்துவீங்களா? எங்க சந்துல முப்பது பேரு, வேலை முடிஞ்ச பொறவு, ரெண்டு மாசமா ஷாம்பு டப்பாவும் எண்ணெய் கேனுமா கோத்திருக்கோம். அதுல கொண்டுவந்து புத்தம் புதுசைச் சேத்தா... எனக்கு அழுகையே வந்துட்டு அக்கா.

வந்தனா: தப்புதான். மன்னிச்சுடு செண்பகம். பேசாம மாமாகிட்டயே உண்மையைச் சொல்லிடறேன். ஆனா உன் வீட்டுக்காரர் அரைச்சதுக்கு...

பூதத்தான்: ஏட்டி, போதும்! இதுக்கு மேல என்னால பொய் சொல்ல முடியாது. நான் அரைக்கல மேடம்.

வந்தனா: பின்னே?

செண்பகவல்லி: நான்தான். ஒரு மக் உள்ளுக்குள்ள விலைச் சீட்டு ஒட்டியிருந்துச்சு. திறப்பு விழாவுக்கு வீடியோ எடுக்க ஆளு வருதாவன்னு சொன்னீங்க. அவுக கண்ணுல பட்டா உங்க பேரும் போச்சு, எங்க பேரும் போச்சு. அதான் நானே தூக்கி கிரைண்டர்ல போட்டேன். நீங்க வாயைத் தொறந்து சொல்லுதீங்களான்னு பாக்கத்தான் இவரு தலையில கட்டினேன்.

வந்தனா: நல்ல பொண்ணு நீ! சரி, ஒத்தை றெக்கையோட பறவையை எப்படி...

செண்பகவல்லி: ஏங்க, தார்ப்பாயை எடுங்க.

வந்தனா: ...செண்பகம்! ரெண்டு றெக்கையும் இருக்கே!

பூதத்தான்: ரெண்டு நாளு சந்துல ஒருத்தரும் சரியா தூங்கல மேடம்.

வந்தனா: ஆனா இடது றெக்கை கறுப்பா இருக்கே.

பூதத்தான்: டிராம்பே பக்கம் கழிமுகத்துல பாத்ததில்லயா? நிக்கையில பிங்க்கு. விரிச்சா ஓரமெல்லாம் கறுப்பு. இப்பத்தான் நெசப் பறவை மாதிரி இருக்கு.

வந்தனா: அது சரி, இதென்ன... சாப்பாட்டுப் பார்சல் டப்பா மூடியா?

செண்பகவல்லி: ஆமா. எல்லாம் உங்க பில்டிங்தான். உங்க சூக்கா கச்சரா, அதான் காஞ்ச குப்பை, எங்க கோணிக்குத்தானே வருது? நீங்க கேட்டா தரமாட்டாவ. கேக்காம தெனமும் தந்துட்டுத்தான் இருக்காவ.

வந்தனா: ஸ்டிக்கர்கூட இருக்கே... 'மூணாவது மாடி, பஞ்சாபகேசன், கோபி மஞ்சூரியன், எக்ஸ்ட்ரா காரம்'. அட மாமா! வெளிச் சாப்பாடு வாசனையே ஆகாதும்பாரே!

பூதத்தான்: வாரத்துக்கு மூணு தடவை ஆகுது.

வந்தனா: மானாவது ஒண்ணாவது! திறப்பு விழாவுல அவரை இந்தப் பக்கமாத்தான் நிக்க வெக்கணும். போர்டும் இப்போ உண்மையாயிடுத்து, நாப்பது வீட்டுக் குப்பை.

செண்பகவல்லி: எண்ணிப் பாத்தேன் அக்கா. ஸ்டிக்கர்ல முப்பத்தெட்டு வீட்டுப் பேருதான் இருக்கு.

வந்தனா: ரெண்டு குறையறதா? ஒண்ணு வைத்தீஸ்வரன் ஃப்ளாட். ஆறு மாசமாப் பூட்டிக் கிடக்கு. இன்னொண்ணு எங்காத்துதான், சந்தேகமே வேண்டாம். நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லிண்டே இருப்பேனே, வெளியில வாங்கறதே கிடையாதுன்னு.

செண்பகவல்லி: உங்க வீட்டு மூடி இருவத்தி மூணு இருக்குக்கா, றெக்கை நுனி பூரா அதுதான்... ஸ்டிக்கரை மட்டும் நேத்தே நான் உரிச்சிட்டேன்.