நாக்குக்கு அடியில்

வெளிநாட்டுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் தேய்வது செருப்பு, அடுத்து வலிப்பது கால். ஊரில் தெருமுனைக் கடைக்குக்கூட வண்டி எடுக்கிறவர்கள் இங்கே வந்து பொழுதுக்கும் நடப்பார்கள். மத்தியானம் தாண்டி எங்கள் தெருவில் நின்று பார்த்தால் தெரியும், பாதிப் பேர் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் வருவார்கள். பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பாவமாக இருக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

நீங்கள் என்னை அழைத்து வந்தது மசாஜ் கடை விஷயமாக. அதில் மறைக்க ஒன்றுமில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அது பிறகு.

எங்கள் கடை ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில். ஆள் எதிரே வந்தால் ஒதுங்க இடமில்லாத குறுகல் மாடிப்படி. கீழே பாதம் வரைந்த பலகை, அதில் யாரையும் நிறுத்திவிடுகிற மலிவு விலை. மேலே திரை போட்டுத் தடுத்த மூன்று இடங்கள். கோடியில் கதவு வைத்த அறை ஒன்று. என் வேலை படியடியில் நிற்பது. கூட்டத்தில் யாராவது தமிழ் பேசினால், "என்னண்ணே, கால் ரொம்ப வலிக்குதா?" என்பேன். வேறெதுவும் தேவையில்லை. பாஷை தெரியாத ஊரில் நாலு நாள் சைகையாலேயே சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டவர்கள் அவர்கள். முகம் அப்படியே இளகிவிடும். எந்த ஊரம்மா என்பார்கள். அவர்களை முதலில் சொல்லவைத்து, அதற்குப் பக்கத்து ஊர் என்பேன்.

மேலே போனதும் துணி மாற்றத் துண்டு தருவோம். சட்டை, பேன்ட், ஃபோன் எல்லாம் இரும்பு லாக்கருக்குள் போகும். சாவி என் மணிக்கட்டில். பலகையில் இருந்த விலை பாதத்துக்கு மட்டும் என்பது யாருக்கும் தோன்றாது. மசாஜ் செய்கிற பெண் முதுகைத் தொட்டுச் சிரித்தபடி எதையோ கேட்பாள், இவர்களும் சிரித்தபடி தலையாட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் அழுதுகொண்டே வெளியே ஓடிவருவாள். அப்போது எங்கள் முதலாளி கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போவார். அவர் முன்பு போய்க்கொண்டிருந்த நீச்சல் குளத்தின் அட்டை அது. துண்டோடு நிற்கிற மனிதன் அட்டையைப் படித்துப் பார்ப்பதில்லை. பெண்ணிடம் தப்பாக நடந்துகொண்டாய், இங்கே இதற்கு ஜெயில், உன் வீட்டுக்கும் தகவல் போகும் என்று முதலாளி கத்துவார். நான் அதைத் தமிழில் சொல்வேன். பிறகு அவர்களுக்காக முதலாளியிடம் கெஞ்சுவேன். எவ்வளவு கொடுத்தால் விடுவார் என்று பேசி முடித்து வைப்பேன். போகும்போது எல்லோரும் எனக்குத்தான் நன்றி சொல்வார்கள். ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். வாயைத் திறந்து நான் யாரிடமும் காசு கேட்டதில்லை. மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான்.

வாக்குமூலம் தாய்மொழியில்தான் இருக்க வேண்டும் என்று உங்கள் சட்டம் சொல்வதால் மொழிபெயர்க்க இந்த அம்மாவை உட்காரவைத்திருக்கிறீர்கள். நன்றாகவே சொல்கிறார். ஆனால் 'பாவமாக இருக்கும்' என்று நான் சொன்னதை விட்டுவிட்டார். பரவாயில்லை. கேட்பவருக்கு எது வேண்டாம் என்று நாமே முடிவு செய்துவிடுவோம், அது இந்தத் தொழிலின் பழக்கம்.

இந்த நாட்டுக்கு நான் வீட்டு வேலைக்கு வந்தவள். அந்த வீட்டைப் பற்றிப் பேசப் போவதில்லை. முதலாளிதான் என்னை அங்கிருந்து கூட்டிவந்தார், அதை எப்போதும் சொல்லிக்காட்டுவார். ஒரு முறை கடையில் மாட்டிய ஒரு பையன், காலேஜ் படிக்கிற வயது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். முதலாளி பயந்தாங்கொள்ளி. வெட்டுக்காயத்தைப் பார்த்தாலே உட்கார்ந்துவிடுவார். உடனே லாக்கரைத் திற என்றார், திறந்தேன். பையன் ஃபோனை எடுத்துக்கொண்டு துண்டோடு தெருவுக்கு ஓடிக் கூச்சல் போட்டான். பல வாரம் கடையைப் பூட்டி வைக்க வேண்டியிருந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் உன்னைப் பழைய வீட்டிலேயே கொண்டுபோய் விடுவேன் என்று முதலாளி என்னிடம் சொன்னார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

இது தெரிந்தால்தான் மற்றது உங்களுக்குப் புரியும்.

நான் சொல்ல வந்தது ஓர் அண்ணனைப் பற்றி, பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியோடு வந்திருந்தார். மகன் அனுப்பிவைத்த பயணம், இருவருக்கும் முதல் விமானம். வெயில் சாய்கிற நேரம், அண்ணன் இடுப்பில் கைவைத்தபடி எங்கள் பலகைக்கு முன்னால் நின்றார். நான் வழக்கம்போலக் கேட்டேன்.

"கால் இல்லம்மா, முதுகு," என்றார். "முப்பது வருஷம் வண்டி ஓட்டினேன். ஏத்தின ஜனமெல்லாம் எறங்கிருச்சு, பாரம் மட்டும் எறங்கல."

அவர் மனைவிக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. செருப்புக் கடைக்காரர் ஸ்டூல் போட்டார். அண்ணி என்று நான் கூப்பிட்டதில் அந்த அம்மாவுக்கு அத்தனை சந்தோஷம். "போயிட்டு வாங்க. இல்லேன்னா ராத்திரி பூரா என் உசுரை எடுப்பீங்க," என்று கணவரை அனுப்பிவைத்தார்.

மேலே போனதும் அண்ணன் மசாஜ் செய்கிற பெண்ணிடம், தன் குதிகால் வெடித்திருப்பதற்கு மன்னிப்புக் கேட்டார். அவளுக்குப் புரியவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு அடுத்துச் செய்ய வேண்டியது கஷ்டமாக இருந்திருக்கும்.

அவள் அழுதுகொண்டு ஓடிவந்தாள், முதலாளி போனார், கத்தினார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. "நான் குப்புறல்லம்மா படுத்திருந்தேன்," என்றார். பிறகு, "அவளுக்கு எம் மகன் வயசுகூட இருக்காதே," என்றார். பணம், கார்டு எல்லாம் அண்ணியின் கைப்பையில் இருந்தது. நான் கீழே போய் வாங்கிவருகிறேன் என்றேன். அதற்குத்தான் அவர் சம்மதிக்கவில்லை. எதற்கு என்று மனைவி கேட்டால் என்ன சொல்வது என்றார். "அவ நம்ப மாட்டா. ஆனா இப்படி ஒரு அசிங்கம் நமக்கு வந்துருச்சேன்னு வாழ்நாளெல்லாம் மருகுவா. ஸ்டேஷனுக்கே போறேன்மா, கூட்டிட்டுப் போகச் சொல்லு."

ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று சொல்கிறவரை என்ன செய்வது என்று முதலாளிக்குத் தெரியாது. கோடி அறையில் உட்காரவைத்தோம். அங்கே ஜன்னல் கிடையாது. ஒரு நாற்காலி, ஒரு குழல் விளக்கு. சும்மா உட்காரவைத்தாலே பெரும்பாலானவர்கள் வழிக்கு வந்துவிடுவார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. இடது கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "அம்மா, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது. சட்டைப் பையில மாத்திரை டப்பி இருக்கு. அதை மட்டும் எடுத்துக் குடுத்துடு," என்றார்.

முதலாளி என்னைப் பார்த்து, என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

யோசிக்கக் கொஞ்சம் நேரம் கேட்கிறார் என்று சொன்னேன்.

சரி, கொடு என்று சொல்லிவிட்டு முதலாளி சிகரெட் பிடிக்க மொட்டை மாடிக்குப் போனார். ஐயா, முதலாளி மேல் இதில் எந்தத் தப்பும் இல்லை. நெஞ்சுவலி என்று நான் சொல்லியிருந்தால் அவரே லாக்கரை உடைத்திருப்பார். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

அண்ணன் மறுபடி கேட்டார். நான் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அண்ணிகிட்ட கார்டு வாங்கிக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே, உடனே எடுத்துத் தரேன்," என்றேன். நடிக்கிறாரா என்று பார்த்தேன். நடிக்கவில்லை என்று தெரிந்தது. அந்தப் பையனுக்கு உதடு இப்படி நிறம் மாறவில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். "சரிம்மா. வாங்கிக்கோ."

நான் லாக்கரை முதலில் திறந்திருக்கலாம். மாத்திரை உள்ளே போனதும் சிலருக்குத் தைரியம் வந்துவிடும், சொன்ன சொல்லை மாற்றுவார்கள். அதனால் முதலில் கீழே போனேன்.

அண்ணி அவருக்காக ஒரு ஜோடி செருப்பு எடுத்து மடியில் வைத்திருந்தார். தோல் மெத்தென்று இருக்கிறதா என்று என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டுப் பார்த்தேன். முதுகுக்கு விசேஷ எண்ணெய் போடப் போகிறோம், கார்டு கேட்டார் என்றேன். ஏன், எவ்வளவு என்று எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். ரகசிய எண்ணையும் சொன்னார். நான் திரும்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, அவருக்கு நெஞ்சு ஏதாவது பண்ணுதா பாரு. பண்ணுச்சுன்னா மாத்திரைய நாக்குக்கு அடியில வைக்கணும். தானா சொல்ல மாட்டாரு," என்றார்.

"அப்பவே வெச்சுக்கிட்டாரு அண்ணி," என்றேன்.

அண்ணிக்கு முகம் தெளிந்துவிட்டது. என்னையும் ஒரு செருப்பு போட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரு பெரிய மனுஷி ஆசையாகச் சொல்லும்போது தட்ட முடியவில்லை. போட்டுப் பார்த்தேன். பெரிதாக இருந்தது. சின்ன அளவு எடுத்துவரக் கடைக்காரர் உள்ளே போனார். காத்திருந்தேன்.

மேலே வந்தபோது அண்ணன் நாற்காலியிலிருந்து வழுக்கிச் சுவரோடு சாய்ந்திருந்தார். மசாஜ் பெண் வாசலில் நின்றாள். தண்ணீர் கொடுக்க வந்தாளாம். கை சில்லென்று இருக்கிறது என்றாள். அவளைத் தேடாதீர்கள். மறுநாளே போய்விட்டாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

நான் பதறவில்லை. லாக்கரைத் திறந்தேன். இரண்டு பேருமாக அவருக்குச் சட்டையும் பேன்ட்டும் போட்டுவிட்டு, திரைக்குப் பின்னால் இருந்த கட்டிலில் படுக்கவைத்தோம். அப்புறம் டப்பியைத் திறந்து, ஒரு மாத்திரையை எடுத்து, அவர் வாயைத் திறந்து நாக்குக்கு அடியில் வைத்தேன். நாக்கு இன்னும் சூடாக இருந்தது. நான் அண்ணியிடம் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்றுதான்.

முதலாளி வந்து பார்த்து வெளிறிப்போனார். நேரம்தானே கேட்டான் என்று நீ சொன்னாய் என்றார். ஆமாம், அதைத்தான் கேட்டார் என்றேன். ஒரு விதத்தில் அது சரிதான்.

ஆம்புலன்ஸில் வந்த டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். தேவையானதைச் செய்திருக்கிறீர்கள், இதற்கு மேல் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். அதை அண்ணிக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். அன்றைக்கு ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அண்ணி என் இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அந்நிய தேசத்துல நம்ம பாஷை பேசுற ஒருத்தி கடைசி நேரத்துல பக்கத்துல இருந்தியேம்மா," என்றார். கார்டை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதிலிருந்து ஒரு காசு எடுக்கவில்லை. வேண்டுமானால் பேங்கில் விசாரியுங்கள். நான் திருடி இல்லை.

அதற்குப் பிறகும் படியடியில் நின்றேன். ஆனால் காது கெட்டுவிட்டது. கூட்டத்தில் யார் தமிழ் பேசினாலும், பஸ்ஸுக்கு வழி கேட்டாலும், பெண்டாட்டியிடம் சண்டை போட்டாலும், எனக்குக் கேட்பது 'சட்டைப் பையில' என்றுதான். திரும்பிப் பார்த்தால் வேறு யாரோ நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கோடி அறையில் விளக்கு அணைத்த பிறகும் நாற்காலி நகர்கிற சத்தம் வரும். ஆளே இல்லாதபோது போய் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். அந்த டப்பியை நான் வைத்துக்கொண்டேன். என் அலமாரியைச் சோதித்தபோது இது என்ன என்று கேட்டீர்களே, அதுதான்.

அண்ணி ஊருக்குப் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோன் செய்கிறார். மகன் வேலை வேலை என்று ஓடுகிறானாம், பேச ஆளில்லை. கேட்பது ஒரே கேள்விதான். "அவரு கடைசியா என்னம்மா சொன்னாரு, இன்னொரு தடவை சொல்லு." முதல் முறை, வலி எதுவும் தெரியாமல் தூங்கிவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அது அவருக்குப் போதவில்லை. அடுத்த வாரம், உங்களைக் கேட்டார் என்றேன். அப்புறம், செருப்பு வாங்கியாச்சா என்று கேட்டார் என்றேன். அதற்கு அண்ணி அழுது, பிறகு சிரித்து, அந்தச் செருப்பைச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருப்பதாகச் சொன்னார். ஒரு வாரம் சொன்னது மறுவாரம் மாறாமல் பார்த்துக்கொள்கிறேன். சில நேரம் நான் சொல்வதற்கு முன்பே அது நடந்தது மாதிரி எனக்குத் தெரிகிறது.

இதில் கையெழுத்துப் போடுகிறேன். அவர் மாத்திரை கேட்டார், எனக்குப் புரிந்தது, நான் கொடுக்கவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், குறைக்க வேண்டாம்.

ஆனால் இன்று ஞாயிற்றுக்கிழமை. என் ஃபோன் உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கிறது, சாயங்காலம் அடிக்கும். அதை மட்டும் என்னிடம் கொடுங்கள். தூங்கப் போகும் முன் அண்ணன் என்னைப் பார்த்து, நீ நல்லா இருக்கணும்மா என்று சொன்னார். இப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது, அண்ணியிடம் அதை இன்னும் சொல்லவில்லை.