நீக்கவில்லை, இடம் மாற்றினேன்

புதுச் செருப்பு கடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்காக யாரும் சண்டைக்கு வருவதில்லை. பழைய செருப்பை எவன் தூக்கிப் போட்டான் என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டையைப் படிப்பதுதான் ஐயா என் வேலை.

பிரவுசர் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். ஒவ்வொரு அப்டேட் வெளியானதும் புகார்கள் வந்து குவியும். அவற்றைப் படித்து, பிரித்து, மேலாளருக்குச் சுருக்கிக் கொடுப்பேன். பதினொரு வருடமாக இதுதான் பிழைப்பு. புதிதாகப் பத்து வசதிகள் சேர்த்தால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். இருந்த ஒன்றை எடுத்துவிட்டால் உலகமே இடிந்துவிழும். வீட்டுப் படம் போட்ட சின்னப் பொத்தானை ஒருமுறை எடுத்தோம். ஒரு தையல்காரர் எழுதினார்: "என் கத்திரியை எடுத்துட்டு, உங்க நல்லதுக்குத்தான்னு சீட்டு எழுதி வச்சுட்டுப் போறவனை என்ன பண்றது? அதைத்தான் உங்களையும் பண்ணணும்." ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அந்தப் பொத்தானுக்கு இரங்கற்பா அனுப்பினார். இலக்கணம் பிசகவில்லை.

படிக்கப் படிக்க எனக்கு ஓர் ஒழுங்கு தெரிந்தது. முதல் வாரம் திட்டுவார்கள். இரண்டாவது வாரம் கிண்டல் செய்வார்கள். மூன்றாவது வாரம், எந்த மூலையில் எதைத் தட்டினால் பழையது திரும்பும் என்று ஒருவருக்கொருவர் குறுக்குவழி சொல்லிக்கொடுப்பார்கள். அந்த வழியையும் நாங்கள் அடைத்துவிடுவோம். நான்காவது வாரம் சத்தமே இருக்காது.

எங்கள் அப்பா துணிக்கடை வைத்திருந்தவர். ஒன்று பெறும் சரக்குக்கு இரண்டு சொல்லி, ஒன்றரையில் இறங்குவார். வாங்கினவர் ஜெயித்த முகத்தோடு வீட்டுக்குப் போவார். அதை அப்படியே மேலாளரிடம் சொன்னேன்: ஒன்றை எடுக்கவேண்டும் என்றால் மூன்றை எடுங்கள், பிறகு ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள், 'உங்கள் குரல் எங்கள் காதில் விழுந்தது' என்று ஒரு அறிவிப்புப் போடுங்கள். போட்டார்கள். திட்டியவர்களே நன்றி எழுதினார்கள். எனக்குத் தனி அறை கொடுத்தார்கள்.

யார் எதைத் தட்டுகிறார்கள் என்று கணக்கெடுக்கும் பிரிவில் ஒருவர் உண்டு. எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பதால் எலி என்று பெயர். அவர் ஒருநாள் என் அறைக் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார். "நாலாவது வாரம் அடங்கிட்டாங்கன்னு ரொம்ப சந்தோசப்படாதீங்க சார். கடைசியா நம்ம பிரவுசர்ல என்ன பண்ணியிருக்காங்க தெரியுமா? வேற பிரவுசரை இறக்கியிருக்காங்க."

அன்றிலிருந்து எனக்கு அமைதி என்றாலே சந்தேகம். நீங்கள் இப்போது என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அந்தப் பார்வை எனக்கும் பழக்கம்தான். தப்பில்லை.

அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அப்பா அம்மா போனபிறகு நாங்கள் இருவர்தான், நான்காம் மாடியில். வீடு அவள் கையில் ஓடியது. மூச்சிரைப்பு உண்டு; இன்ஹேலர் இல்லாமல் கடைக்குக்கூடப் போகமாட்டாள். நாற்பத்தாறு வயதில், ஒருநாள் காலை என் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டே சொன்னாள்.

"தம்பி, நான் கெளம்பறேன்டா. ரெஜிஸ்டர் ஆபீஸ்ல தேதி குடுத்துட்டாங்க. இன்னும் ஆறு வாரம்."

மாப்பிள்ளை, தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர். மனைவியை இழந்தவர். மின்கட்டண ரசீதை நகலெடுக்கப் போகிறேன் என்று அவள் அடிக்கடி போனபோதே நான் யோசித்திருக்க வேண்டும். ஒரு ரசீதுக்கு எத்தனை நகல்தான் வேண்டும்?

"இந்த வயசுலயா அக்கா?"

"உன் வயசுல நடக்கல. என் வயசுலயாவது நடக்கட்டுமேடா."

சிரித்துக்கொண்டே நூலைப் பல்லால் கடித்தாள். நான் கோபப்படவில்லை. கோபப்படுவது எனக்குப் பிடிக்காது. மூன்றை எடுத்தேன், அவ்வளவுதான். போனைப் பழுதுபார்க்கக் கொடுப்பதாக வாங்கிக்கொண்டேன். வாசல் பூட்டை மாற்றினேன். பால்கனிக் கதவுக்குத் தாழ் போட்டேன்.

"டேய், சாவி எங்கடா?"

"பூட்டு மாத்தியிருக்கேன் அக்கா. பாதுகாப்புக்குத்தான்."

அலுவலகத்திலும் எல்லா மாற்றத்துக்கும் நாங்கள் எழுதுகிற காரணம் அதுதான். முதல் வாரம் அவள் கத்தினாள். கீழ்வீட்டுக்காரர்கள் விசாரித்தார்கள்; அக்காவுக்கு மனசு சரியில்லை என்றேன், பாவம் என்றார்கள். இரண்டாவது வாரம் கிண்டல். "ஐயா, ஜன்னல் பக்கம் கொஞ்சம் நிக்கலாங்களா? இல்ல அதுக்கும் புது வெர்ஷன் வந்தாச்சா?" ஒழுங்கு கொஞ்சமும் தவறவில்லை. மூன்றாவது வாரம் சமையலறை ஜன்னலிலிருந்து கயிற்றில் பையைக் கட்டி, உள்ளே சீட்டு வைத்து இறக்கினாள். வேலை முடிந்து வந்த நான்தான் கீழே நின்று அதை வாங்கிக்கொண்டேன். ஜன்னல்களுக்கு ஆணி அடித்தேன்.

ஜெராக்ஸ்காரர் வந்து நின்றார். "அக்கா ஊருக்குப் போயிருக்காங்க," என்றேன்.

"எந்த ஊருக்கு?"

"சொல்லிட்டுப் போகல."

ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். உங்களை அழைத்துவந்தது அவர்தான் என்று தெரியும். வருத்தமில்லை.

நான்காவது வாரம் பால்கனியைத் திருப்பிக் கொடுத்தேன். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம், நான் பக்கத்தில் இருக்கும்போது. அவள் நன்றி சொல்லியிருக்க வேண்டும். என்னைப் பார்த்து, "டேய், மூணைப் பிடுங்கி ஒண்ணை நீட்டறது நம்ம அப்பா வித்தை. கொல்லன் தெருவுலயே ஊசி விக்கிறியா?" என்றாள். பால்கனிக்குப் போகவே இல்லை. அதன்பிறகு பேசவும் இல்லை.

பேரம் பேசாத வாடிக்கையாளர் என்றால், ஒன்று சரக்கை எடுத்துக்கொண்டவர், இல்லை அடுத்த கடைக்கு மனசால் போய்விட்டவர். அக்கா எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. சமைத்தாள், துணி மடித்தாள், என் சட்டையைத் தேய்த்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. எலி சொன்னது நினைவுக்கு வந்தது. வீட்டைச் சல்லடை போட்டுத் தேடினேன். பழைய பெட்டிக்குள் ஒரு சிறு பை. இரண்டு மாற்றுத் துணி, ரெஜிஸ்டர் ஆபீஸ் சீட்டு, பிரிக்காத புது இன்ஹேலர் ஒன்று. அங்கே போய் வைத்துக்கொள்வதற்காக முன்கூட்டியே வாங்கியது. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. வேறு வீட்டில் மூச்சு விடுவதற்கு ஏற்பாடு.

அதை எடுத்துக்கொண்டேன். அவள் தலையணைக்கடியில் இருந்ததையும் எடுத்துக்கொண்டேன். நீக்கவில்லை ஐயா, இடம் மாற்றினேன். இரண்டும் என் சட்டைப் பையில் இருந்தன. வேண்டும்போது வந்து கேட்டால் கொடுக்கப்போகிறேன். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவேண்டும் என்பதுதான் என் எண்ணம். இருவர் இருக்கும் வீட்டில் ஒருவர் பேசாவிட்டால் இன்னொருவர் என்ன செய்வார், சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்தபிறகு, அவள் அறைக் கதவை வெளியிலிருந்து பூட்டினேன். தேதி நெருங்கிவிட்டிருந்தது. என்மேல் இருக்கும் கோபத்தில் தவறான முடிவு எதுவும் எடுத்துவிடக் கூடாது என்று பயந்தேன். அந்த அறை ஜன்னலுக்கும் ஆணி அடித்திருந்ததை மறைக்கவில்லை. புழுக்கம் இருந்திருக்கும்.

மூன்று மணிக்கு இருமல் தொடங்கியது. நாற்காலியை இழுத்துக் கதவருகே போட்டு உட்கார்ந்தேன். எவ்வளவு பக்கத்தில் இருந்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். "வேணும்னா கேளு அக்கா, இங்கதான் இருக்கேன்," என்று நானாகவே சொன்னேன். விசில் மாதிரி மூச்சு மட்டும் கேட்டது. தலையணைக்கடியில் தேடுகிற சத்தம் கேட்டது, பெட்டியைத் திறக்கிற சத்தமும். பிறகு கதவைத் தட்டினாள். நான்கைந்து தடவை தட்டியிருப்பாள். அதன்பிறகு கதவின் அடிப்பக்கத்தில் நகத்தால் கீறினாள். மருந்து என் உள்ளங்கையில் தயாராக இருந்தது. "தம்பி, குடுடா" என்றால் போதும். நானும் பொறுமையாகத்தான் காத்திருந்தேன், நான்கு மணி வரைக்கும், சத்தம் நின்றபிறகும்.

அந்த நிலையில் ஒருவருக்குப் பேச்சே வராது என்று உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். அவர் படித்தவர், சரியாகத்தான் எழுதியிருப்பார். ஆனால் என் அக்காவை எனக்குத் தெரியும் ஐயா. என்னிடம் பேசவேண்டும் என்று நினைத்திருந்தால் பேசியிருப்பாள்.